கையில காசு கம்மி, ஆனா தொழில்ல புதுசா பண்ணணும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சின்னதா தொழில் நடத்துறவங்களும் ஆரம்பிக்கப் போறவங்களும் திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகளை இங்க சேர்த்திருக்கேன். முதல் கம்மி, ஆள் கம்மி, இடம் கம்மி, மாசக் கடைசியில கரண்ட் பில் கட்டவே மூச்சு முட்டுது, இந்த நிலைமையில புதுசா ஒண்ணு பண்ண முடியுமான்னு கேக்குறவங்களுக்கு இது. முடியும்னு நான் முழுசா நம்புறேன், பண்ணிக் காட்டினவங்க நம்ம பக்கத்துலயே இருக்காங்க. வரிசையா படிக்கணும்னு இல்ல, உங்க கேள்விக்கு நேரா போயிடுங்க.

சிக்கனமா புதுசு பண்றதுன்னா செலவைக் குறைக்கிறதுதானே? அதைத்தான் தினமும் பண்றோமே?

செலவைக் குறைக்கணும்னு உக்காந்தா பெரும்பாலும் நாம என்ன பண்றோம், கொஞ்சம் மட்டமான சரக்கு போடுறோம், ஒரு ஆளை நிறுத்துறோம், டீ காசை கட் பண்றோம். வேலை நடக்குற விதம் அதேதான், எல்லா இடத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் கிள்ளி எடுத்திருக்கோம், அவ்வளவுதான். ரெண்டு மாசத்துல கஸ்டமருக்கு அது தெரிஞ்சிடும்.

நான் இங்க பேசுறது வேலையையே முதல்லேர்ந்து யோசிக்கிறதைப் பத்தி. ரெண்டு கேள்வி கேட்டாப் போதும். ஒண்ணு, வாங்குறவருக்கு இதுல நிஜமா எது வேணும், எது சும்மா பழக்கத்துக்கு ஒட்டிக்கிட்டு வருது? ரெண்டாவது, என்கிட்ட இருக்கிறதுலயே கிடைக்கிறதுக்கு ரொம்பக் கஷ்டமானது எது, அது தினமும் எவ்வளவு நேரம் சும்மா கிடக்குது? முதல் கேள்விக்கு பதில் கிடைச்சா வேண்டாததை மொத்தமா எடுத்துட்டு வேண்டியதை முழுத் தரத்தோட குடுக்கலாம், ரெண்டாவதுக்குக் கிடைச்சா புதுசா எதுவும் வாங்காமலே ரெண்டு மடங்கு வேலை எடுக்கலாம். கீழ வர்ற எல்லா உதாரணமும் இந்த ரெண்டுல ஒண்ணுதான்.

பெரிய அளவுல யாராவது நிஜமா பண்ணிக் காட்டியிருக்காங்களா?

மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரி. பேர் எல்லாருக்கும் தெரியும், நம்ம தாத்தா பாட்டிக்கே அங்கதான் கண்புரை ஆபரேஷன் ஆகியிருக்கும், ஆனா அது எப்படி ஓடுதுன்னு நிறைய பேர் உத்துப் பாத்ததில்ல.

டாக்டர் ஜி. வெங்கடசாமி 58 வயசுல கவர்மென்ட் வேலையிலேர்ந்து ரிட்டயர் ஆகி, 1976ல 11 படுக்கையோட ஆரம்பிச்சார். முடக்குவாதத்துல விரலெல்லாம் கோணிப் போன மனுஷன், அந்தக் கையை வெச்சே கண் ஆபரேஷன் பண்ணப் பழகினவர். தங்கச்சி நாச்சியார், அவங்க வீட்டுக்காரர் நம்பெருமாள்சாமின்னு குடும்பமே டாக்டருங்களா கூட நின்னாங்க. பணம் கிடையாது. ஆனா கண்புரையால பார்வை போனவங்க லட்சக்கணக்குல இருந்தாங்க, அவங்கள்ல பாதிப் பேருக்கு மேல காசு குடுக்க முடியாதவங்க.

அங்க கிடைக்கிறதுக்கே கஷ்டமானது எது? கண் டாக்டரோட நேரம். கட்டடம் கட்டலாம், கட்டில் வாங்கலாம், ஆனா ஒரு நல்ல சர்ஜன் உருவாக பத்து வருஷத்துக்கு மேல ஆகும். அதனால சர்ஜன் செய்ய வேண்டியதை மட்டும் சர்ஜன் செய்வார், மத்த எல்லா வேலையும் வேற கைக்குப் போயிடும்னு அமைச்சாங்க. கிராமத்துல பிளஸ் டூ முடிச்ச பொண்ணுங்களை எடுத்து 2 வருஷம் ட்ரெயினிங் குடுத்து, பார்வை அளக்குறது, பிரஷர் பாக்குறது, பேஷன்ட்டை ரெடி பண்றது, ஆபரேஷனுக்குக் கூட நிக்குறது எல்லாத்தையும் அவங்ககிட்ட விட்டாங்க.

ஆபரேஷன் தியேட்டரைப் பாத்தா இன்னும் புரியும். பக்கத்துப் பக்கத்துல ரெண்டு டேபிள். ஒரு டேபிள்ல சர்ஜன் ஆபரேஷன் பண்ணிட்டிருக்கும்போதே அடுத்த டேபிள்ல அடுத்தவர் கண்ணு துடைச்சு, மரத்துப்போக மருந்து குடுத்து, துணி போர்த்தி ரெடியா இருப்பார். இது முடிஞ்சதும் சர்ஜன் மைக்ராஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்பி அடுத்ததை ஆரம்பிச்சிடுவார், இந்த டேபிள்ல உள்ளவரை எழுப்பிக் கூட்டிட்டுப் போய் அடுத்தவரைப் படுக்க வைக்க நர்ஸுங்க இருக்காங்க. இப்படித்தான் அங்க ஒரு சர்ஜன் வருஷத்துக்கு 2,000 ஆபரேஷன் கிட்ட பண்றார், நாட்டோட சராசரியை விட அது பல மடங்கு. அவசரப்படுத்தி வந்த எண்ணிக்கை இல்ல அது, டாக்டர் சும்மா காத்துக்கிட்டு நின்ன நேரத்தை எடுத்ததுல வந்தது.

இலவசப் பக்கம் இருக்கிறவங்களுக்கும் காசு குடுக்குறவங்களுக்கும் அதே டாக்டருங்கதான் மாத்தி மாத்தி வர்றாங்க. வித்தியாசம் ரூம்ல. காசு குடுக்குறவருக்கு தனி ரூம், ஏசி கூட உண்டு, இலவசமா வர்றவருக்கு பெரிய ஹால்ல பாய். கண்ணு தெரியணும்ங்குறதுதான் ரெண்டு பேருக்கும் வேண்டியது, அதுல கை வைக்கல. கட்டில்ல படுக்குறதா பாய்ல படுக்குறதாங்குறதுல மட்டும் கை வெச்சாங்க. முதல் கேள்விக்கு இதை விட சுத்தமான பதிலை நான் எங்கயும் பாத்ததில்ல.

அப்புறம் லென்ஸ். புரையை எடுத்துட்டு கண்ணுக்குள்ள வைக்கிற லென்ஸ் வெளிநாட்டுலேர்ந்து வந்தப்ப ஒண்ணு 100 டாலர் கிட்ட. அந்த விலைக்கு ஏழைக்கு வைக்க முடியாது. சரி, நாமளே செய்வோம்னு 1992ல ஆரோலேப் ஆரம்பிச்சு, 10 டாலர் அளவுக்குக் கொண்டு வந்தாங்க, பின்னாடி அதுக்கும் கீழ இறங்கிச்சு. இன்னைக்கு 100க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு மதுரையிலேர்ந்து அது போகுது.

இன்னொண்ணும் இருக்கு, நிறைய பேர் கவனிக்காதது. ஊர் ஊரா கேம்ப் போட்டு, ஆபரேஷன் இலவசம், வாங்கன்னு சொல்லியும் பலர் வரல. ஏன்னு விசாரிச்சா, பஸ்ஸுக்குக் காசு இல்ல, சாப்பாட்டுக்கு வழி இல்ல, கூட வர ஆள் இல்ல. விலை பூஜ்யம் ஆனாலும் வாங்குறவருக்குச் செலவு பூஜ்யம் இல்லைன்னு புரிஞ்சதும், கேம்ப்லேர்ந்தே பஸ்ல ஏத்தி, சாப்பாடு போட்டு, ஆபரேஷன் முடிச்சு, திரும்ப ஊர்ல கொண்டு விட ஆரம்பிச்சாங்க. செலவு கூடிச்சுதான், ஆனா அந்தச் செலவு இல்லாம மத்த எல்லாம் வீண்.

ஆஸ்பத்திரி கதை சரி. நான் இட்லி மாவு அரைச்சு கடைகளுக்குப் போடுறேன். எனக்கு எப்படி ஒத்து வரும்?

அப்படியே ஒத்து வரும். ஒரு கணக்கு வெச்சுக்குவோம், எல்லாம் உதாரணத்துக்கு. தினமும் 100 பாக்கெட் போடுறீங்க, ஒண்ணு 40 ரூபா, அதுல 12 பாக்கெட் புளிச்சுப் போய் ரிட்டர்ன் வருது. ஒரு நாளைக்கு 480 ரூபா, மாசத்துக்கு 14,400. இதைப் பாத்ததும் எல்லாருக்கும் முதல்ல தோணுறது இன்னொரு ஃப்ரிட்ஜ் வாங்கலாமா, கடைக்காரருக்கு ஒரு சின்ன கூலர் குடுக்கலாமாங்குறது. லோன் ஆபீஸர்கிட்ட போய் உக்காந்துடுவோம்.

கொஞ்சம் நில்லுங்க. மாவு தொழில்ல கிடைக்கிறதுக்கே கஷ்டமானது எது? கிரைண்டர் இல்ல, அது ராத்திரி ரெண்டு மூணு மணி நேரம் ஓடிட்டு மிச்ச நேரம் கழுவிக் கவுத்துதான் கிடக்குது. அரிசி உளுந்தும் இல்ல. புளிக்கிறதுக்கு முன்னாடி இருக்கிற அந்தச் சில மணி நேரம்தான் உங்க முதல். அது எங்க வீணாகுதுன்னு பாருங்க. ராத்திரியே மொத்தமா அரைச்சு வெச்சு, காலைல வண்டியில சுத்தி, கடை அலமாரியில போய் உக்காருறதுக்குள்ள பாதி நேரம் போயிருக்கும்.

அப்ப என்ன பண்ணலாம்? சாயங்காலம் 8 மணிக்குள்ள ஒவ்வொரு கடைக்காரரும் நாளைக்கு எத்தனைன்னு வாட்ஸ்அப்ல ஒரு நம்பர் அனுப்பினா போதும், அந்த அளவுக்கு மட்டும் அரைக்கலாம். ஒரே தடவை அரைக்கிறதை ரெண்டாப் பிரிச்சு, காலை டெலிவரிக்கு ஒண்ணு, சாயங்கால டிபன் நேரத்துக்கு ஒண்ணுன்னு போடலாம், கிரைண்டர் சும்மாதானே கிடக்கு. வெயில் காலத்துல அளவைக் குறைச்சு, முகூர்த்த நாள், பண்டிகைக்கு முதல் நாள் கூட்டலாம். இதுக்கெல்லாம் ஒரு நோட்டும் பேனாவும்தான் செலவு. ரிட்டர்ன் 12லேர்ந்து 4 ஆனாக்கூட மாசம் 9,600 ரூபா மிச்சம். இதையெல்லாம் பண்ணிப் பாத்துட்டு அப்புறமும் ஃப்ரிட்ஜ் வேணும்னா தாராளமா வாங்குங்க, அப்ப எத்தனை லிட்டர் வேணும்னு உங்களுக்கே தெளிவா தெரிஞ்சிருக்கும்.

படிப்பும் இல்ல, பணமும் இல்ல, பொருளே புதுசா செய்யணும்னா?

கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் கதையை ஊக்கம் தர்ற கதையா மட்டும் பாக்காம, வேலை நடந்த விதத்துக்காகப் பாருங்க. சின்ன வயசுல பள்ளிக்கூடத்தை விட்டுட்டு வெல்டிங் பட்டறையில வேலை பாத்தவர். கல்யாணம் ஆன புதுசுல வீட்டுக்காரம்மா நாப்கினுக்குப் பதிலா பழைய துணியை வெச்சுச் சமாளிக்கிறதைப் பாத்துட்டு, கம்பெனி நாப்கின் இவ்வளவு விலை ஏன்னு கிளம்பினார். பஞ்சை வெச்சு செஞ்சு பாத்தார், கசிஞ்சது. போட்டுப் பாக்க ஆள் கிடைக்கல, வீட்ல உள்ளவங்களே ஒதுங்கிட்டாங்க. கடைசியில ஃபுட்பால் பிளாடர்ல ஆட்டு ரத்தத்தை ஊத்தி இடுப்புல கட்டிக்கிட்டு தானே போட்டு நடந்து, சைக்கிள் ஓட்டிப் பாத்தார்.

விஷயம் பொருள்ல இருந்தது. கம்பெனி நாப்கின்ல இருக்கிறது சாதா பஞ்சு இல்ல, மரக்கூழ்லேர்ந்து எடுக்குற செல்லுலோஸ், அதுதான் உறிஞ்சி உள்ளயே பிடிச்சு வைக்கும். இது தெரிய வரவே ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. தெரிஞ்சதும் அடுத்த சுவர்: அதை உடைச்சு நாப்கினாக்குற வெளிநாட்டு மெஷின் லைன் மூணரைக் கோடி ரூபா.

இங்கதான் அந்த வெல்டர் மூளை வேலை செஞ்சது. அந்தப் பெரிய லைன் நிஜத்துல எத்தனை வேலை பண்ணுதுன்னு பிரிச்சாரு. கூழ் அட்டையைப் பஞ்சு மாதிரி உடைக்கணும், அச்சுல அமுக்கணும், மேல துணி சுத்தி ஒட்டணும், புற ஊதா வெளிச்சத்துல கிருமி நீக்கணும். நாலே வேலை. பெரிய மெஷின் அதை நிமிஷத்துக்கு நூத்துக்கணக்குல, மனுஷக் கை படாம பண்ணுது, அதுக்குத்தான் மூணரைக் கோடி. அந்த வேகம் கிராமத்துப் பொண்ணுங்க குழுவுக்கு வேண்டாம். வேகத்தையும் தானா ஓடுறதையும் எடுத்துட்டா நாலு சின்ன மெஷின், சுமார் 65,000 ரூபாயில முடிஞ்சிடுச்சு. 2006ல ஐஐடி மெட்ராஸ்ல காட்டி, தேசிய அளவுல விருது வாங்கினார், 2016ல பத்மஸ்ரீ.

பெரிய கம்பெனிக்கு மொத்தமா வித்துடாம மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கே மெஷினைக் குடுத்தார், அதனால விளம்பரச் செலவு இல்ல, டீலர் கமிஷன் இல்ல. கடையில ஆம்பளைகிட்ட கேக்கக் கூச்சப்படுற பொண்ணு தெருவுல தெரிஞ்ச அக்காகிட்ட வாங்கிக்கும். மெஷினை விட இந்த விக்குற வழிதான் எனக்குப் பெரிய கண்டுபிடிப்பா தெரியுது.

உங்களுக்கு இதுல எடுத்துக்க வேண்டியது: எந்த விலை உசந்த மெஷினைப் பாத்தாலும் இது மொத்தம் எத்தனை வேலை பண்ணுது, அதுல எனக்கு எது வேணும், எந்த வேகத்துல வேணும்னு பேப்பர்ல எழுதுங்க. பாதி மெஷின் உங்களுக்கு வேண்டாததா இருக்கும்.

மெஷின் வாங்கவே காசு இல்லைன்னா?

வாங்காதீங்க. திருப்பூரைப் பாருங்க. ஒரு டீ-ஷர்ட் வெளிநாடு போறதுக்குள்ள நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், பிரிண்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங்னு எத்தனை கை மாறுது. பெரிய கம்பெனிங்க சிலது எல்லாத்தையும் ஒரே காம்பவுண்ட்ல வெச்சிருக்கும், ஆனா அந்த ஊர் வளர்ந்தது ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி யூனிட் ஜாப் ஒர்க் எடுத்துப் பண்ணினதுலதான். கையில ஆர்டரும் கொஞ்சம் நூல் காசும் இருந்தா, ஒரு மெஷின் கூட சொந்தமா இல்லாம சரக்கை முடிச்சு அனுப்பிடலாம். எல்லா மெஷினும் யாரோ ஒருத்தர்கிட்ட இருக்கு, நீங்க வாடகை மாதிரி வேலைக்கு மட்டும் காசு குடுக்குறீங்க.

அங்க பவர் டேபிள்னு ஒரு பேர் கேள்விப்பட்டிருப்பீங்க. நீளமா ஒரு மேஜை, அதுல வரிசையா தையல் மெஷினுங்க, கீழ ஒரு தண்டு, ஒரே மோட்டார் மொத்தத்தையும் ஓட்டும், ஒவ்வொருத்தரும் காலால பெடலை அமுக்கினா அவங்க மெஷின் மட்டும் தண்டுலேர்ந்து ஓட்டம் எடுத்துக்கும். மெஷினுக்கு ஒரு மோட்டார்னு வாங்க முடியாத காலத்துல வந்த அமைப்பு அது. இன்னைக்கு மெஷினுங்க மாறிடுச்சு, ஆனாலும் தையல் ஜாப் ஒர்க் எடுக்குற யூனிட்டை இப்பவும் பவர் டேபிள்னுதான் சொல்றாங்க.

சிவகாசியில ப்ரிண்டிங்கும் சரி, கோயம்புத்தூர்ல லேத் வேலையும் சரி, இதே வழிதான். முதல் ஆறு மாச ஆர்டரை அடுத்தவர் மெஷின்ல ஓட்டுங்க. மாசா மாசம் ஜாப் ஒர்க்குக்கு நீங்க குடுக்குற காசு மெஷின் தவணையைத் தாண்டுற அன்னைக்கு சொந்தமா வாங்குறதைப் பத்திப் பேசலாம்.

கையில கிடைச்சதை வெச்சு ஒப்பேத்துறதை ஜுகாட்னு வடக்க சொல்றாங்களே, அதுதானா இது?

பக்கத்து வீடு, ஆனா ஒரே வீடு இல்ல. சென்னையில மீன்பாடி வண்டி பாத்திருப்பீங்க, மூணு சக்கர வண்டியில பழைய பைக் இன்ஜினைப் பொருத்தி ஓட்டுறது. அந்த மூளைக்கு நான் கையெடுத்துக் கும்பிடுறேன், அதுல பொழைச்ச குடும்பங்க எத்தனையோ. ஆனா அதுக்கு ரெஜிஸ்ட்ரேஷன் கிடையாது, இன்சூரன்ஸ் கிடையாது, பிரேக்குக்கு யாரும் பொறுப்பு இல்ல, ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது. அதனால அது தொழிலா வளர முடியாது. தினமும் ஒரே தரத்துல திரும்பத் திரும்பச் செய்ய முடியணும், உங்க வேலையாள் உங்களைக் கேக்காம செய்ய முடியணும், தப்பு ஆனா யார் சரி பண்ணுவாங்கன்னு தெரியணும். இந்த மூணும் வந்தாத்தான் ஒட்டுவேலை தொழிலாகும்.

விலை கம்மியா வெச்சா மட்டமான சரக்குன்னு நினைச்சிட மாட்டாங்களா?

நினைப்பாங்க, அதுக்கு பெரிய சாட்சி டாடா நானோ. 2008 ஜனவரியில டெல்லி ஆட்டோ எக்ஸ்போவுல ஒரு லட்ச ரூபா கார்னு காட்டினப்ப உலகமே திரும்பிப் பாத்தது. இன்ஜினியரிங்ல அருமையான வேலை: பின்னாடி 624 சிசி இன்ஜின், ஒரே வைப்பர், சக்கரத்துக்கு மூணு நட், ஆரம்ப மாடல்ல டிக்கியை வெளியிலேர்ந்து திறக்க முடியாது. வேண்டாததை எடுத்துட்டாங்க, முழுக் குடும்பமும் மழையில நனையாம போகலாம். ஆனா மேற்கு வங்காளம் சிங்கூர்ல நிலப் பிரச்சினையில தொழிற்சாலை குஜராத் சாணந்துக்கு மாறினதுல நாள் போச்சு, சில கார் தீப்பிடிச்ச செய்தி வந்து பயம் கிளம்பிடுச்சு, எல்லாத்துக்கும் மேல உலகத்துலயே மலிவான கார்ங்குற பேர் ஒட்டிக்கிச்சு. பைக்லேர்ந்து காருக்குப் போற குடும்பம் அதைத் தெருவுல நாலு பேர் பாக்கத்தான் வாங்குது, மலிவான காரோட போய் நிக்க யாருக்கு மனசு வரும். அப்படி விளம்பரம் ஆனது தப்புன்னு ரத்தன் டாடாவே பின்னாடி சொன்னார். 2018ல உற்பத்தி ஏறக்குறைய நின்னே போச்சு.

அதனால போர்டுல மலிவுன்னு எழுதாதீங்க, என்ன கிடைக்கும்னு எழுதுங்க. அரவிந்த்ல யாரும் மலிவான ஆபரேஷனுக்குப் போறேன்னு சொல்றதில்ல, நல்லா பாப்பாங்கன்னு போறாங்க. வாங்குறவர் மரியாதை குறையாத மாதிரி விலையைக் குறைக்கிறதுதான் கஷ்டமான பகுதி.

விலையே குறைக்க முடியாத பொருள்னா?

அளவை மாத்துங்க. ஷாம்பு பாக்கெட் கடலூர்லேர்ந்து கிளம்பின விஷயம். சின்னி கிருஷ்ணன் ஷாம்புவை பாக்கெட்ல போட்டு விக்க ஆரம்பிச்சார், அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983ல 15,000 ரூபா முதல்ல தனியா ஆரம்பிச்சு சிக் ஷாம்புவைக் கொண்டு வந்தார், அந்தக் கம்பெனிதான் இன்னைக்கு கெவின்கேர். தினக்கூலி வாங்குறவர்கிட்ட ஷாம்புவுக்குக் காசே இல்லாம இல்ல, ஒரே நேரத்துல ஒரு பாட்டிலுக்குக் குடுக்குற அளவு இல்ல, அவ்வளவுதான். வாரத்துல ஒரு நாள் எண்ணெய் தேச்சுக் குளிக்கிற அன்னைக்கு ஒரு பாக்கெட் போதும். பின்னாடி 50 பைசாவுக்கே வந்துச்சு. ஊர் ஊராப் போய் பசங்க தலையை அலசிக் காட்டி, முடியைத் தொட்டுப் பாக்கச் சொன்னாங்க. காலி பாக்கெட் கொண்டு வந்தா புது பாக்கெட் இலவசம்னு திட்டம் போட்டு, முதல்ல எந்தக் கம்பெனி காலி பாக்கெட்டும் வாங்கிக்கிட்டு, அப்புறம் சிக் பாக்கெட் மட்டும்தான்னு மாத்தினாங்க. பெரிய கம்பெனி விளம்பரத்துக்குக் கோடிக்கணக்குல கொட்டுற இடத்துல இது.

இதுலயே ஒரு வேதனையும் இருக்கு, அதையும் சொல்லியே ஆகணும். அந்தப் பல அடுக்கு பிளாஸ்டிக் பாக்கெட்டை யாரும் பொறுக்கி எடுக்குறதில்ல, மறுசுழற்சி பண்றது ரொம்பக் கஷ்டம், ஆத்தங்கரையிலயும் சாக்கடையிலயும் கிடக்கு. இன்னைக்கு நீங்க சின்ன அளவுல விக்க யோசிச்சா, பாத்திரம் கொண்டு வந்தா ஊத்திக் குடுக்குற மாதிரி யோசிங்க. எண்ணெய்க் கடை, மளிகைக் கடைன்னு நம்ம ஊர்ல காலங்காலமா இருந்த வழிதான்.

எதுல மட்டும் சிக்கனம் பாக்கவே கூடாது?

உசுரு சம்பந்தப்பட்டதுல. வயரிங், எர்த், பாய்லர் வால்வு, பட்டாசு ரூம் இடைவெளி, சாப்பாட்டுப் பொருள்ல எண்ணெய், தண்ணி. கூலியிலயும். கூலியைக் கம்மி பண்றது எந்த விதத்துலயும் புதுமை இல்ல, அதுக்கு மூளையே வேண்டாம்.

மூணாவது, உங்க செலவை அடுத்தவர் தலையில தள்ளி விடுறது. திரும்பவும் திருப்பூர்தான், மேல அவ்வளவு பெருமையா சொன்ன அதே ஊர். பனியன் விலை கம்மியா இருந்ததுக்கு ஒரு காரணம், சாயத் தண்ணியைச் சுத்தம் பண்ற செலவு விலையில சேரல. அது நொய்யல் ஆத்துல போச்சு, ஒரத்துப்பாளையம் அணையில தேங்குச்சு, பாசனத்துக்குக் கட்டின அணை சாயக் கழிவு நிக்குற குட்டையாச்சு, கீழ இருந்த விவசாயிங்க கிணத்துத் தண்ணி கெட்டு, தென்னை போயி, நிலம் போயி நின்னாங்க. 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி, கரண்டைத் துண்டிச்சாங்க. ஊரே ஸ்தம்பிச்சது, பட்டறை வேலையை நம்பி இருந்தவங்க பெட்டியைக் கட்டினாங்க. அதுக்கப்புறம் ஒரு சொட்டு கூட வெளிய விடாத சுத்திகரிப்பு வந்தாத்தான் ஓட்டலாம்னு ஆச்சு, தண்ணியைச் சுத்தம் பண்ணித் திரும்பவும் சாயத்துக்கே எடுக்குறாங்க, உப்பைக் கூட மீட்டு எடுக்குறாங்க. அந்தச் செலவை விலையில சேர்த்தே ஆகணும்ங்குற கட்டாயம் வந்தப்பத்தான் நிஜமான புதுமை வந்துச்சு.

அதனால உங்க சேமிப்புக் கணக்கை எழுதி முடிச்சதும் பக்கத்துல ஒரு கட்டம் போட்டு, இந்தக் காசு எங்கிருந்து மிச்சமாச்சுன்னு எழுதுங்க. நேரம் வீணாகாததுலேர்ந்தா, வேண்டாததை எடுத்ததுலேர்ந்தா, இல்ல வேற யாரோட கிணத்துலேர்ந்தான்னு.

உயர்ந்த டெக்னாலஜி வேலையிலயும் இது நடக்குமா?

மங்கள்யான் சுமார் 450 கோடி ரூபாயில செவ்வாய்க்குப் போச்சு. 2013 நவம்பர் 5 கிளம்பி 2014 செப்டம்பர் 24 போய்ச் சேர்ந்தது. பெரிய ராக்கெட் கைவசம் இல்லாததால நல்லாத் தெரிஞ்ச பிஎஸ்எல்வியையே எடுத்து, நேரா அனுப்ப சக்தி போதாதுன்னு பூமியைச் சுத்தவிட்டு ஒவ்வொரு சுத்துலயும் உயரத்தைக் கூட்டித் தள்ளி விட்டாங்க. கருவிங்க அஞ்சே அஞ்சு, மொத்தம் 15 கிலோ கிட்டதான். அதே மாதிரி பெங்களூர்ல ஜிஇ கம்பெனி டிசைன் பண்ணின மேக் 400 ஈசிஜி மெஷின்ல, தனியா பிரிண்டர் உருவாக்காம பஸ் டிக்கெட் அடிக்கிற வகை பிரிண்டரையே மாத்தி வெச்சாங்க, தூசியிலயும் குலுக்கல்லயும் ஓடும்னு ஏற்கனவே நிரூபணமான சாமான். அடுத்த துறையில லட்சக்கணக்குல ஓடிட்டிருக்கிற பாகத்தை எடுத்துக்கிட்டா, மலிவும் வரும், ரிப்பேருக்கு ஆளும் கிடைக்கும்.

லோன், மானியம்?

சின்னத் தொழிலை அரசாங்கத்துல பதிவு பண்ற உத்யம் ரெஜிஸ்ட்ரேஷன் ஆன்லைன்ல இலவசம், அதுக்குக் காசு கேக்குற ஏஜென்ட்கிட்ட போகாதீங்க. பிஎம்இஜிபின்னு சொல்ற பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்துல உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம், சேவைக்கு 20 லட்சம் வரைக்கும் ப்ராஜெக்ட் போடலாம், மானியம் உண்டு, மாவட்டத் தொழில் மையத்துல போய்க் கேளுங்க. ஆனா மானியம் கிடைக்குதேன்னு ப்ராஜெக்ட்டைப் பெருசாக்காதீங்க, தவணை கட்டப் போறது நீங்க. முதல்ல ஆர்டர், அப்புறம் மெஷின், அப்புறம் லோன், இந்த வரிசையை மாத்தாதீங்க.

நான் கண்டுபிடிச்சதை இன்னொருத்தர் காப்பி அடிச்சுட்டா?

விக்குற வழியா இருந்தா அடிப்பாங்க, தடுக்க முடியாது. பாக்கெட் ஷாம்புவை ஒவ்வொரு பெரிய கம்பெனியும் போட்டுச்சு, கெவின்கேர் இன்னும் இருக்கு. அரவிந்த் ஒரு படி மேல போய், தங்களோட முறையை மத்த ஆஸ்பத்திரிகளுக்குச் சொல்லிக் குடுக்கவே மதுரையில லைக்கோன்னு தனியா ஒரு பயிற்சி நிறுவனம் வெச்சிருக்கு, வெளிநாட்டுலேர்ந்தெல்லாம் வந்து கத்துக்கிட்டுப் போறாங்க. டேபிள் ரெண்டு போடுறதை யாரும் பாத்துட்டுப் போய்ப் பண்ணிடலாம், அந்தப் பொண்ணுங்களுக்கு ரெண்டு வருஷம் பொறுமையா சொல்லிக் குடுக்குறதை எல்லாரும் பண்ண மாட்டாங்க.

மெஷினா, பொருளா புதுசா இருந்தா பேட்டன்ட் பாருங்க. தனி ஆளுக்கும் சின்ன தொழிலுக்கும் கட்டணம் பெரிய கம்பெனியை விட ரொம்பக் கம்மி, கிடைச்சா 20 வருஷப் பாதுகாப்பு. முழு விவரமும் ரெடியா இல்லைன்னா தற்காலிக விண்ணப்பம் போட்டுட்டு 12 மாசத்துக்குள்ள முழுசா குடுக்கலாம். ஒண்ணு மட்டும் கவனம், யூடியூப்ல வீடியோ போடுறதுக்கும், எக்ஸிபிஷன்ல ஸ்டால் போட்டு ஓட்டிக் காட்டுறதுக்கும் முன்னாடியே விண்ணப்பத்தைப் போட்டுடுங்க, வெளிய காட்டிட்டுப் போனா ஏற்கனவே தெரிஞ்ச விஷயம்னு தள்ளிட வாய்ப்பு அதிகம்.